நனையாமல் கடல் பார்க்கும் படகு

எங்கள் வீட்டில் தண்ணீருக்குத் தடா. நீச்சல்குளம் கிடையாது. கடற்கரைக்குப் போனாலும் கால் நனைப்பது கிடையாது. தூறல் விழுந்தால் குடை போதாதென்று குடைக்குள் ஒரு தொப்பி வேறு. எல்லாம் என் மகளுக்காக. அவளுக்கு ஐந்து வயது, பிறக்கும்போதே காது கேட்காது. மூன்று வயதில் ஆபரேஷன் செய்து தலைக்குள் ஒரு கருவி வைத்தார்கள். சத்தத்தை வாங்கி அதற்குக் கொடுக்கும் மிஷின் வெளியே, காதுமடலுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும். அதிலிருந்து ஒரு மெல்லிய வயர், வயரின் நுனியில் கோட்டுப் பொத்தான் அளவுக்கு ஒரு வட்டு. வட்டில் காந்தம், தலைத்தோலுக்கு உள்ளேயும் காந்தம். இரண்டும் ஒட்டிக்கொண்டால் அவளுக்கு உலகம் கேட்கும். விலகிவிட்டால் இடி விழுந்தாலும் கேட்காது. அந்த மிஷின் நனையக் கூடாது.

ஆனால் காந்தத்துக்கு மண்டை எது, இரும்பு எது என்று தெரியாது. ஃபிரிட்ஜ் பக்கம் சாய்ந்தால் வட்டு ஃபிரிட்ஜில் ஒட்டிக்கொள்ளும். பஸ்ஸில் கம்பியில் ஒட்டிக்கொள்ளும். "இந்த வீட்டுல நான் சொல்றதைக் காது கொடுத்துக் கேக்கறது ஃபிரிட்ஜ் ஒண்ணுதான்" என்பாள் என் மனைவி. அதனால் மிஷினில் ஒரு நூல் கட்டி, நூலின் மறுமுனையைக் கிளிப் போட்டு மகளின் சட்டைக் காலரில் மாட்டியிருப்போம். கழன்றாலும் கீழே விழாது, தொங்கும்.

கேட்க ஆரம்பித்ததிலிருந்து அவளுக்கு வீட்டில் இன்ஸ்பெக்டர் என்று பெயர். எந்தச் சத்தமும் விசாரணைக்குத் தப்பாது. "என்ன சத்தம்?" என்று விரலை நீட்டிக்கொண்டு வந்து நிற்பாள். குழாய் சொட்டுகிறது என்று சொல்ல வேண்டும். பக்கத்து வீட்டுக்காரர் இருமுகிறார் என்று சொல்ல வேண்டும். ஒருநாள் என் வயிறு உறுமியதற்கும் பதில் சொல்ல வேண்டியிருந்தது. பேச்சு மெதுவாகத்தான் வந்தது. இரண்டு வார்த்தை, மூன்று வார்த்தை. ஆனால் வந்தது. போன மாதம் தொலைபேசியில் என்னைக் கூப்பிட்டு, "அப்பா, சீக்கிரம் வா" என்றாள். அன்று நான் சீக்கிரம் போகவில்லை, ஓடினேன்.

நான் லிஃப்ட் மெக்கானிக். ஒரு ஆபீஸ் கட்டடத்தில் லிஃப்டைச் சரிபார்த்துக்கொண்டிருந்தபோதுதான் உள்ளே ஒட்டியிருந்த அந்த விளம்பரத்தைப் பார்த்தேன். கண்ணாடி அடித்தளப் படகு. நனையாமல் பவளப்பாறை பார்க்கலாம். நீச்சல் தெரியாதவர்களுக்காகவே, குடும்பத்தோடு வாருங்கள். அதைப் படித்ததும் இது எங்களுக்காகவே யாரோ கட்டிய படகு என்று தோன்றிவிட்டது.

"காதைக் கழட்டாம கடலைப் பாக்கலாம்" என்று வீட்டுக்கு வந்து சொன்னேன்.

மனைவி மருந்துக்கடையில் வேலை செய்கிறாள். எந்தப் பெட்டியை நீட்டினாலும் முதலில் காலாவதித் தேதியைப் பார்க்கிற ஆள். "நீங்க தேடிக் கண்டுபிடிச்சது எதுவும் இதுவரைக்கும் உருப்பட்டதில்ல" என்றாள். ஆனால் படகில் ஒருவர் மைக்கில் விளக்கம் சொல்வார், இன்ஸ்பெக்டர் அதைக் கேட்கலாம் என்றதும் அவள் முகம் மாறியது. கடலையும் பார்த்துக்கொண்டு கடலைப் பற்றியும் கேட்பது. எங்களைப் போன்றவர்களுக்கு அது எவ்வளவு பெரிய ஆசை என்று மற்றவர்களுக்குப் புரியாது.

படகு பஸ் மாதிரி அகலமாக இருந்தது. இரண்டு ஓரங்களிலும் நீள பெஞ்சுகள். நடுவில் தொட்டி மாதிரி ஒரு பள்ளம், அதன் அடியில் தடித்த கண்ணாடி, சுற்றிலும் கைப்பிடிக் கட்டை. மேலே வெயிலுக்குக் கூரை, கூரையைத் தாங்க இரும்புக் கம்பிகள். படகோட்டி முன்னால் சக்கரத்தைப் பிடித்தபடி நின்றார். அதிகம் பேசாத மனிதர். அவருக்கும் சேர்த்துப் பேச மைக்கோடு ஓர் அக்கா இருந்தார்.

ஏறும்போதே எல்லோருக்கும் மிதவைச் சட்டை மாட்டச் சொன்னார்கள். குழந்தைகளுக்கான சட்டையைத் தலை வழியாகப் போட வேண்டும். இன்ஸ்பெக்டருக்குப் போட்டால் நூல் குறுக்கே சிக்கியது. கிளிப்பைக் கழற்றிவிட்டு மாட்டினேன். பிறகு கிளிப்பை மிதவைச் சட்டையில் மாட்டப் பார்த்தேன். தடித்த துணி, கிளிப்புக்குப் பிடி கிடைக்கவில்லை. காலர் உள்ளே எங்கேயோ புதைந்துவிட்டது. பின்னால் ஏற ஒரு பெரிய குடும்பம் காத்துக்கொண்டிருந்தது.

"சரி விடுங்க, நான் பக்கத்துலயே உக்காந்துக்கறேன்" என்றாள் மனைவி.

விட்டேன்.

மைக் அக்கா விதிமுறைகளைச் சொன்னார். "படகை விட்டு யாரும் தண்ணியில இறங்கக் கூடாது. இது பாதுகாக்கப்பட்ட இடம், பவளத்துல கால் பட்டா நொறுங்கிடும். இறங்கணும்னு ஆசை இருந்தா நீச்சல் தெரியணும். நீச்சல் தெரிஞ்சிருந்தா நீங்க ஏன் இந்தப் படகுக்கு வரப்போறீங்க?" எல்லோரும் சிரித்தார்கள். நானும் நன்றாகவே சிரித்தேன்.

முதலில் வெறும் மணல். பிறகு திட்டுத் திட்டாகப் பாறைகள். அப்புறம் திடீரென்று ஒரு தோட்டத்துக்குள் வந்துவிட்டோம். மான்கொம்பு மாதிரி கிளைவிட்ட பவளம், தட்டுத் தட்டாக அடுக்கிய பவளம், நடுவில் மூளையின் மடிப்புகளோடு ஓர் ஆள் அகலத்துக்கு உருண்டையாக ஒன்று. மைக் அக்கா ஒவ்வொன்றுக்கும் பெயர் சொல்லச் சொல்ல இன்ஸ்பெக்டர் அந்தப் பெயரைத் திருப்பிச் சொன்னாள். சரியாக வராத பெயரை இரண்டு தடவை சொன்னாள். என் மனைவி என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்காக நான் இன்னும் பத்து லிஃப்ட் விளம்பரங்களை நம்பியிருப்பேன்.

கொஞ்ச நேரத்தில் குழந்தை களைத்துப்போய் பெஞ்சில் சாய்ந்துகொண்டாள். தலை பின்னால் இருந்த கம்பியில் இருந்தது. நான் கவனிக்கவில்லை, மனைவியும் கவனிக்கவில்லை. அப்போது மைக் அக்கா, "வலது பக்கம் பாருங்க, கிளிமீன் கூட்டம்!" என்று கத்தினார். இன்ஸ்பெக்டர் துள்ளிக் குதித்துக் கண்ணாடியை நோக்கி ஓடினாள்.

தலை ஓடிவிட்டது. வட்டு கம்பியோடு நின்றுவிட்டது.

கம்பியின் வெளிப்பக்கமாக, கடலுக்கு மேலே, வயரில் மிஷின் ஊசலாடியது. பச்சை நிறம், அவளே தேர்ந்தெடுத்தது. எழுந்தேன். ஓர் எட்டுதான். ஆனால் அந்த நேரம் படகில் இருந்த அத்தனை பேரும் கிளிமீனைப் பார்க்க வலது பக்கம் சாய்ந்தார்கள், படகும் கூடவே சாய்ந்தது. என் விரல் நுனியில் வயர் பட்டது. பட்டது என்றுதான் சொல்ல முடியும், பிடித்தேன் என்று சொல்ல முடியாது. தண்ணீரில் விழுந்த சத்தம்கூட எனக்குக் கேட்கவில்லை.

அடுத்த நொடி அது கண்ணாடிக்கு அடியில் வந்தது. மெதுவாகச் சுழன்றுகொண்டே, வயர் வால் மாதிரி ஆட, எல்லோர் கண்முன்னாலும் இறங்கிப் போனது. பெரிய குடும்பத்துக் குழந்தை ஒன்று கை தட்டி, "பச்சை மீன்! பச்சை மீன்!" என்றது. மூளைப் பவளத்துக்குப் பக்கத்தில், இரண்டு கிளைகளுக்கு நடுவில் போய் உட்கார்ந்தது.

இன்ஸ்பெக்டர் தலையில் கை வைத்துப் பார்த்தாள். அழவில்லை. எங்களைத் திரும்பிப் பார்த்தாள்.

நான் அவள் முன்னால் மண்டியிட்டேன். உள்ளங்கையால் என் வாயை மறைத்துக்கொண்டு, "ஒண்ணுமில்லடா, அப்பா எடுத்துத் தரேன்" என்றேன்.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். பேச்சுப் பயிற்சி டீச்சரின் கண்டிப்பான விதி அது. குழந்தையிடம் பேசும்போது வாயை மறைத்துக்கொள்ளுங்கள், உதடு பார்த்துப் புரிந்துகொள்ளப் பழகிவிட்டால் காது சோம்பேறியாகிவிடும், கையால் ஜாடையும் காட்டாதீர்கள், அவள் கேட்டே ஆக வேண்டும். அன்றிலிருந்து நாங்கள் இருவரும் சொன்ன சொல் தட்டாத மாணவர்கள். சாப்பிடக் கூப்பிட்டாலும் வாய்மேல் கை. கொஞ்சினாலும் வாய்மேல் கை. தெருவில் பார்ப்பவர்கள் இவர்களுக்குப் பல்வலி போலிருக்கிறது என்று நினைத்திருப்பார்கள்.

இன்ஸ்பெக்டர் என் கையையே பார்த்தாள். மனைவி என் மணிக்கட்டைப் பிடித்துக் கீழே இழுத்தாள். "வாயை எதுக்குங்க மூடறீங்க? அவளுக்குத்தான் கேக்கலையே!"

கையை எடுத்துவிட்டுப் பேசினேன். அதுவும் பிரயோஜனப்படவில்லை. உதட்டைப் படிக்க அவளுக்குத் தெரியாது. தெரியாதபடி பார்த்துக்கொண்டதே நாங்கள்தான். ஜாடையும் எங்களிடம் கிடையாது. ஒரு குடும்பம் ஒரே பெஞ்சில், முட்டிக்கு முட்டி இடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம், ஒருவருக்கொருவர் ஒரு வார்த்தை சொல்ல வழியில்லை.

"காது எங்க?" என்று அவள் கேட்டாள். தன் குரல் தனக்குக் கேட்காததால் படகே திரும்பிப் பார்க்கும் அளவுக்குக் கத்திக் கேட்டாள். நான் கண்ணாடியைக் காட்டினேன். குனிந்து பார்த்தாள். கண்டுபிடித்துவிட்டாள். அவள் முகத்தில் நிம்மதி வந்தது. அவள் கணக்கில் அது ஃபிரிட்ஜில் இருந்தாலும் பஸ் கம்பியில் இருந்தாலும் ஒன்றுதான். எங்கே இருக்கிறது என்று தெரிந்துவிட்டால் போதும், அப்பா எடுத்துக் கொடுத்துவிடுவார்.

"யாருக்காவது நீச்சல் தெரியுமா?" என்று நான் எழுந்து நின்று கேட்டேன்.

சிலர் தலையைக் குனிந்துகொண்டார்கள். எப்படித் தெரியும்? இது நீச்சல் தெரியாதவர்களுக்கென்றே கட்டிய படகு. ஊரில் உள்ள நீந்தத் தெரியாத ஜனங்களையெல்லாம் சல்லடை போட்டுச் சலித்து, பொறுக்கி எடுத்து, இந்தப் பெஞ்சுகளில் உட்கார வைத்திருந்தார்கள். மைக் அக்காவைப் பார்த்தேன். "எனக்கும் தெரியாது தம்பி. இத்தனை வருஷமா கடல்லயே இருக்கேன், கத்துக்கல" என்றார்.

நான் மிதவைச் சட்டையைக் கழற்றி, அடுத்துச் சட்டைப் பொத்தானில் கை வைத்தேன். படகோட்டி சக்கரத்தை விடாமலே திரும்பிப் பார்த்தார்.

"சார், உங்களுக்கு நீச்சல் தெரியுமா?"

"தெரியாது."

"அப்ப எதுக்குச் சட்டையைக் கழட்டுறீங்க?"

சும்மா நிற்க முடியவில்லை, அவ்வளவுதான்.

"ரெண்டு ஆள் ஆழம்தான சார்? உங்களுக்கு நீச்சல் தெரியுமில்ல? நீங்க இறங்குங்க" என்று கெஞ்சினேன்.

"தெரியும். ஒரே மூச்சுல எடுத்துடுவேன். ஆனா இங்க நங்கூரம் போட முடியாது, பவளம் போயிடும். நான் சக்கரத்தை விட்டா நீரோட்டம் படகைக் கொண்டுபோய்ப் பாறையில ஏத்திடும். இவ்ளோ பேர் இருக்காங்க. ஒருத்தருக்கும் நீச்சல் தெரியாது." அவர் கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். மூச்சு முட்ட வைத்திருந்த ஆத்திரத்தைக் கொட்ட ஓர் அயோக்கியன்கூட அந்தப் படகில் எனக்குக் கிடைக்கவில்லை.

அவரால் முடிந்ததைச் செய்தார். படகைத் திருப்பித் திருப்பி அதே இடத்துக்குக் கொண்டுவந்தார். குப்பை அள்ளுகிற கம்புவலையை என்னிடம் கொடுத்தார். வயிறு கம்பியில் அழுந்தக் குனிந்து, தோள்வரை தண்ணீரில் விட்டுத் துழாவினேன். மனைவி கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டே, "இன்னும் கீழ, இன்னும் கீழ" என்றாள். கம்பு அதற்குமேல் இல்லை. பிறகு படகோட்டி வயர்லெஸ்ஸில் பேசினார். முக்குளிக்கிறவர்களின் படகுகள் எல்லாம் வெளிக்கடல் பாறையில் இருந்தன, அவர்கள் இந்த எல்லைக்குள் இறங்க அனுமதி கிடையாது. பவளப் பாதுகாப்பு அலுவலகத்துக்கென்று ஒரு முக்குளிப்பவர் உண்டு, அவர் வேறு தீவுக்குப் போயிருந்தார். நாளைக் காலையில் பார்க்கலாம் என்றார்கள்.

அப்போதுதான் இன்ஸ்பெக்டர் கண்ணாடியைத் தட்டிக் கூவினாள். "அப்பா! தேடுது!"

கீழே பவளக் கிளைகளுக்கு நடுவில் ஓர் ஆரஞ்சு விளக்கு விட்டு விட்டு மின்னிக்கொண்டிருந்தது.

அந்த மிஷின் அப்படித்தான். தலையிலிருந்து விலகியதும் ஒரு சின்ன விளக்கு மின்ன ஆரம்பிக்கும். சோபாவுக்கு அடியிலோ போர்வைக்குள்ளோ கிடந்தால் கண்டுபிடிப்பதற்காக வைத்திருக்கிறார்கள். மகளுக்குப் புரிகிற மாதிரி நாங்கள் சொல்லிக் கொடுத்திருந்தோம். அது உன்னைத் தேடுது, நீ கிடைச்சதும் நிறுத்திடும். வட்டைத் தலையில் வைத்ததும் விளக்கு நின்றுவிடும், அவளுக்குச் சத்தம் கேட்க ஆரம்பித்துவிடும். தினமும் காலையில் நடப்பது இது.

மற்ற குடும்பத்தினர் முதலில் பரிதாபப்பட்டார்கள். ஒரு பெண்மணி மனைவியின் தோளைத் தடவிக் கொடுத்தார். படகு நாலைந்து தடவை சுற்றியதும் கைக்கடிகாரம் பார்த்தார்கள். அதில் தப்பு சொல்ல முடியாது. கரைக்குத் திரும்பினோம்.

படகுத்துறையில் மனைவி போனை எடுத்தாள். மிஷின் கம்பெனிக்கு, பாதுகாப்பு அலுவலகத்துக்கு, பயிற்சி டீச்சருக்கு. ஒவ்வொரு இடத்திலும் மொத்தக் கதையையும் ஆரம்பத்திலிருந்து சொன்னாள். ஒவ்வொரு இடத்திலும் கிளிப் என்ற வார்த்தை வந்ததும் அவள் குரல் கொஞ்சம் இறங்கியது. என்னைக் குறை சொல்லவில்லை. நானும் அவளைச் சொல்லவில்லை. நன்றாகச் சண்டை போட்டிருந்தால் கொஞ்சமாவது ஆறியிருக்கும்.

படகோட்டி அடுத்த பயணத்துக்கு ஆள் ஏற்றிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்து, "வாங்க சார். இருக்கான்னு பாத்துட்டு வரலாம்" என்றார். டிக்கெட் கேட்கவில்லை.

போனேன். இன்ஸ்பெக்டரும் கூடவே வந்தாள், வீடு திரும்பும் யோசனையே அவளுக்கு இல்லை. மறுபடியும் அதே மிதவைச் சட்டை, அதே விதிமுறை, நீச்சல் தெரிந்தால் இங்கே ஏன் வரப்போகிறீர்கள் என்ற அதே ஜோக். ஜனங்கள் அதே இடத்தில் சிரித்தார்கள். மைக் அக்கா என் பக்கம் பார்க்காமலே அதைச் சொல்லி முடித்தார். அவரும் என்ன செய்வார், அது அவர் வேலை.

மூளைப் பவளத்துக்கு வந்ததும் நான் குனிந்தேன். இருந்தது. மின்னிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு வந்த சந்தோஷத்தை இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. ஏதோ பாதி வேலை முடிந்துவிட்ட மாதிரி.

"அது என்னங்க லைட்டு?" என்று ஒருவர் கேட்டார்.

"விளக்கு மீன்" என்றது ஒரு பையன்.

மைக் அக்கா மைக்கைக் கீழே இறக்கிவிட்டார். "அது ஒரு பாப்பாவோடதுங்க" என்றார். எல்லோரும் பாப்பாவைத் தேடினார்கள். பாப்பா கண்ணாடிமேல் நெற்றியை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு மின்னலுக்கும் ஒரு தரம் கையாட்டிக்கொண்டிருந்தாள்.

என் பிழைப்பே மாட்டிக்கொண்டவர்களுக்குத் தைரியம் சொல்வது. லிஃப்ட் நடுவில் நின்றுபோனால் கதவுக்கு வெளியே நின்று, பயப்படாதீங்க, நான் வந்துட்டேன், இதோ திறந்துடறேன் என்று பேசிக்கொண்டே இருப்பேன். உள்ளே இருப்பவர்கள் அந்தக் குரலைப் பிடித்துக்கொண்டுதான் மூச்சு விடுவார்கள். குரல் போகாத பெட்டிக்குள் என் மகள் உட்கார்ந்திருந்தாள். அவளுக்குப் பயமே இல்லை, பயமெல்லாம் கதவுக்கு வெளியே இருந்த எனக்குத்தான்.

அன்று முழுவதும் அந்தப் படகிலேயே போய்வந்தோம். கரையில் இறங்குவோம், மனைவி போனைக் காதிலிருந்து எடுக்காமல் தலையை ஆட்டுவாள், திரும்ப ஏறுவோம். ஒரு தடவை பிஸ்கட்டும் தண்ணீர் பாட்டிலும் நீட்டினாள். இன்ஸ்பெக்டருக்கு இதைவிட நல்ல நாள் வாழ்க்கையில் வந்திருக்காது. அத்தனை மீன், அத்தனை தடவை. அவளிடம் எத்தனையோ பேர் எதையெதையோ கேட்டார்கள், அவள் எல்லோரையும் பார்த்துச் சிரித்தாள். காலையில் கற்றுக்கொண்ட பவளத்தின் பெயரைத் தனக்குத்தானே சொல்லிப் பார்த்தாள். பெயர் கொஞ்சம் தேய்ந்திருந்தது. மாலைக்குள் இன்னும் தேய்ந்தது. நான் திருத்தினேன், அவள் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கடைசிப் பயணத்துக்கு முன்னால் மனைவி துறையின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். போன் மடியில் கிடந்தது.

"கம்பெனில பேசினேன்" என்றாள். "இந்த மாடல் இப்ப செய்யறதில்லையாம். புதுசுக்கு எழுதிப்போட்டா வர நாலஞ்சு மாசம் ஆகுமாம்."

"அதுக்குத்தான் நாளைக்குக் காலையில இதையே எடுத்துடலாம்."

"எடுத்தாலும் பிரயோஜனம் இல்லையாம். மழைத் தண்ணி படலாமாம், கடல் தண்ணி உள்ள போச்சுன்னா அவ்ளோதானாம்."

"லைட்டு எரியுதே? நான் இப்பதான் பாத்துட்டு வரேன், நல்லா எரியுது!" என்று அவளிடம் சண்டைக்குப் போனேன்.

"எரியற வரைக்கும் எரியுமாம்."

"டீச்சர் என்ன சொன்னாங்க?"

"இந்த வயசுல நாலஞ்சு மாசம் கேக்காம விட்டா, வந்ததெல்லாம் போயிடும்னாங்க. மறுபடி முதல்லேர்ந்து ஆரம்பிக்கணுமாம். மறுபடி இதே அளவு வருமான்னு கேட்டேன். அதுக்கு அவங்க பதில் சொல்லல."

நானும் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். நான்கைந்து மாதம் வீட்டில் எந்தச் சத்தத்துக்கும் விசாரணை இருக்காது. குழாய் பாட்டுக்குச் சொட்டும், பக்கத்து வீட்டுக்காரர் பாட்டுக்கு இருமுவார். எனக்கு அழுகை வந்தது, அழுதேன். இன்ஸ்பெக்டர் என் கையைப் பிடித்துப் படகை நோக்கி இழுத்தாள். அங்கே போனால் அப்பா சரியாகிவிடுவார் என்று நினைத்திருப்பாள்.

இந்தத் தடவை மூன்று பேரும் போனோம். சாயங்கால வெயில் சரிந்திருந்தது, படகில் அவ்வளவாகக் கூட்டம் இல்லை. மைக் அக்கா ஜோக்கை விட்டுவிட்டார். படகோட்டி நேராக மூளைப் பவளத்துக்குக் கொண்டுபோய், நீரோட்டத்துக்கு எதிராக இன்ஜினைத் தாழ்வாக ஓடவிட்டு, முடிந்தவரை படகை அசையாமல் நிறுத்தினார். தண்ணீருக்கு அடியில் இருட்டத் தொடங்கியிருந்ததால் விளக்கு காலையில் இருந்ததைவிடப் பளிச்சென்று தெரிந்தது. சுற்றியிருந்த பவளக் கிளைகளின்மேல் அதன் ஆரஞ்சு பட்டுப் பட்டு மறைந்தது. மீன்கள் பக்கத்தில் வந்து பார்த்துவிட்டுப் போயின.

"தேடுது" என்று இன்ஸ்பெக்டர் அம்மாவிடம் காட்டினாள். மனைவி அவளை இடுப்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

மின்னலுக்கும் மின்னலுக்கும் நடுவில் இடைவெளி நீண்டது. எனக்குத்தான் அப்படித் தோன்றுகிறது என்று முதலில் நினைத்தேன். மனைவியும் என்னைப் பார்த்தாள். ஒரு தடவை மின்னியது. வெகுநேரம் கழித்து, மங்கலாக, இன்னொரு தடவை. அடுத்ததற்காக நாங்கள் எல்லோரும் குனிந்துகொண்டிருந்தோம். மைக் அக்காவும் குனிந்திருந்தார். வரவில்லை. கீழே எது கிளை, எது மிஷின் என்று தெரியாமல் எல்லாம் ஒரே நிழலாகிவிட்டது.

மனைவி வாயைப் பொத்திக்கொண்டாள்.

இன்ஸ்பெக்டர் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தாள். பிறகு துள்ளி எழுந்தாள். அவள் முகம் முழுக்கச் சிரிப்பு. "நின்னுடுச்சு!" என்று கத்தினாள். "அம்மா, நின்னுடுச்சு! நான் கிடைச்சுட்டேன்!"

தலையில் வட்டு உட்காரும் இடத்தை உள்ளங்கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு என் முன்னால் வந்து நின்றாள். தினமும் காலையில் நிற்பது போலவே நின்றாள்.

"அப்பா, பேசு."

பேசினேன். என்ன சொன்னேன் என்று எனக்கு நினைவில்லை. அவளைக் கூப்பிட்டேன், படகைப் பற்றிச் சொன்னேன், மீனைப் பற்றிச் சொன்னேன், வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன். அவள் உள்ளங்கையை இன்னும் கொஞ்சம் அழுத்தினாள். என் முகத்தையே பார்த்தபடி காத்திருந்தாள். கைவிரலைக் கொஞ்சம் தள்ளி வைத்துப் பார்த்தாள்.

"பேசுப்பா" என்றாள் மறுபடியும்.

நான் பேசிக்கொண்டுதான் இருந்தேன்.